ஒழுங்கான நாளைச் சுமப்பவர் யார்?

ஒரு நாளில் இன்னும் மிகுதியாகச் செய்து முடிப்பது எப்படி என்ற கேள்வி இன்று எல்லாருடைய கேள்வியாகிவிட்டது. புத்தகக் கடைகளில் இதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடியுமுன் எழுங்கள், முந்தின இரவே மறுநாளின் பணிகளை எழுதி வையுங்கள், கடினமான வேலையை முதலில் முடியுங்கள், கைப்பேசியை எட்டாத இடத்தில் வையுங்கள் என்று அந்நூல்கள் அறிவுறுத்துகின்றன. இவற்றில் பிழையான அறிவுரை ஒன்றும் இல்லை. வைகறையில் எழ வேண்டும் என்று ஔவையார் ஆத்திசூடியிலேயே சொல்லிவிட்டார். குருமடங்களில் பயின்றவர்களுக்கோ இது இன்னும் பழக்கமானது. எழுவது, செபிப்பது, படிப்பது, விளையாடுவது, உறங்குவது யாவும் அங்கே மணிக்குக் கட்டுப்பட்டவை. மணியோசையே இறைவனின் குரல் என்றுகூட அங்கே சொல்வதுண்டு. ஆகவே நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த ஒழுங்கு யாருடைய கைகளின்மேல் நிற்கிறது என்ற கேள்வியை மட்டும் அந்நூல்களில் நாம் காணவில்லை. அதைத்தான் இங்கே கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

இக்கேள்விக்குக் கடையநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் எளிதில் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் இவ்வூர் இருக்கிறது. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வயலும் தறியும் இதன் பழைய பிழைப்பு. கைத்தறி முன்போல் இல்லை. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற ஆண்களின் வருவாய் பல வீடுகளைத் தாங்குகிறது. மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பெண்கள் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறார்கள்.

பீடி சுற்றும் பெண்ணின் ஒரு நாளைக் கூர்ந்து நோக்கினால், மேற்சொன்ன நூல்கள் கற்பிக்க முயலும் பழக்கங்கள் யாவும் அங்கே ஏற்கெனவே குடியிருப்பதைக் காணலாம். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் காய்ந்த இலை சுருட்டும்போது உடையும், மறுநாள் வீணாகும். காலையில் அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலைக்கும் இடையில், இலைமேல் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சுளகை மடியில் வைத்து, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதே கூலி. கடையில் வாங்கும் நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சுற்றுத் தளர்ந்தவை கழிக்கப்படும். கை இலையில் இருக்கும்போதே கண் உலையில் இருக்கிறது. காதோ தெருக்குழாயில் தண்ணீர் வரும் ஓசைக்குக் காத்திருக்கிறது. திட்டமிடுதல், நேரத்தைப் பகுத்தல், அன்றாட இலக்கு என்று பெரிய நிறுவனங்களின் மேலாளர்கள் கட்டணம் செலுத்திக் கற்பவற்றை இங்கே மகள் தாயின் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்கிறாள்.

அப்படியிருந்தும் அவளைத் திறம்பட உழைப்பவள் என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், பீடி சுற்றுவாள்" என்ற விடையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சும்மா இருப்பதும் ஆயிரம் பீடி சுற்றுவதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன!

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பீடி உயிருக்குக் கேடு. புகையிலைத் தூள் அதைச் சுற்றுபவரின் நெஞ்சையும் விடுவதில்லை. மிகுதியாகச் செய்வது நன்று என்பவர், எதை மிகுதியாகச் செய்கிறோம் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர். ஆனால் அக்கேள்வியை இலை நனைக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குவது முறையன்று. அதனால் பெருத்த இலாபம் அடைந்தவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

தறி வீட்டிலும் இதே நிலைமைதான். குழித்தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுபவர் ஆண். நாள் முழுவதும் மிதி மிதித்து முழக்கணக்கில் நெய்கிறார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஊடை நூலைத் தாரில் சுற்றித் தராவிட்டால் நாடா ஒரு முறைகூடக் குறுக்கே ஓடாது. பாவு இழை அறுந்தால் பிணைக்க இன்னொரு கை வேண்டும். பாவை நீட்டிக் கஞ்சி போட ஒரு குடும்பமே வேண்டும். தார் சுற்றியவர் மனைவியாகவோ வயது முதிர்ந்த தாயாகவோ பள்ளி விட்டு வந்த மகளாகவோ இருப்பார். கைலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு எழுதும்போது தார் சுற்றியவரின் பெயர் அதில் வருவதில்லை. 2019–20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. நெசவாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள் என்றும் அது கண்டது. நெசவாளர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் மட்டும் இன்னும் ஆணாகவே இருக்கிறது.

இது நம் ஊருக்கோ நம் நாட்டுக்கோ மட்டும் உரிய குறையன்று. நற்பழக்கங்களைப் பற்றிய இன்றைய நூல்களுக்கெல்லாம் மூதாதையாகச் சொல்லத்தக்கவர் பெஞ்சமின் பிராங்கிளின். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்தியவர் அவர். தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நாளின் அட்டவணையை வரைந்து காட்டுகிறார். ஐந்து மணிக்கு எழுதல், எட்டு மணி நேர வேலை, நண்பகலில் வாசிப்பும் உணவும், இரவு பத்து மணிக்கு உறக்கம். காலையில், இன்று என்ன நன்மை செய்வேன் என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாலையில், இன்று என்ன நன்மை செய்தேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் இரவில் செய்யும் ஆன்ம சோதனைக்கு நெருங்கிய உறவு இது! பதின்மூன்று நற்பண்புகளைக் குறித்து, வாரத்துக்கு ஒன்றாக அவற்றைப் பழகவும் முயன்றார். அவற்றுள் தமக்கு மிகுந்த தொல்லை தந்தது ஒழுங்கு என்னும் பண்பே என்று அவரே எழுதுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் கவனிக்கத் தக்கது. தன் நேரம் தன் கையில் இருக்கும் தொழிலாளிக்கு அட்டவணை பொருந்தலாம். நாலு பேருடன் பழகி, அவரவர் வரும் வேளையில் அவரவரை வரவேற்க வேண்டியவனுக்கு அது முற்றிலும் பொருந்தாது என்கிறார்.

பிறர் வரும் வேளைக்கு வளைந்து கொடுக்க வேண்டியவரால் அட்டவணையைக் காக்க முடியாது! கைக்குழந்தை அழும் வேளைக்கும், தண்ணீர் வரும் வேளைக்கும், மாமியாருக்கு மருந்து கொடுக்கும் வேளைக்கும் வளைந்து கொடுப்பவர் யார் என்று பிராங்கிளின் அவ்விடத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அதே நூலில் வேறோரிடத்தில் தம் மனைவி டெபோராவைக் குறித்து எழுதுகிறார். அவர் சிறு நூல்களின் தாள்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார், காகிதம் செய்வோருக்காகப் பழந்துணிகளை வாங்கினார். இதை மகிழ்ச்சியோடும் நன்றியோடுமே பிராங்கிளின் சொல்கிறார். அவ்வீட்டில் பிற்காலத்தில் அடிமைகளும் இருந்தனர். அட்டவணை இருக்கும் பக்கத்தை உலகம் படியெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டது. டெபோரா இருக்கும் பக்கத்தை அதனோடு சேர்த்துப் படிப்போர் மிகச் சிலரே.

நம் இறையியல் மரபும் இதற்கு விலக்கன்று. அக்குவினாவின் புனித தோமையாரைப்போல் மிகுதியாக எழுதியவர் எவரும் அரியர். ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடன் எப்போதும் இருந்த துணைவர், பிப்பெர்னோ ஊரைச் சேர்ந்த ரெஜினால்ட் என்ற துறவி. உண்ணும்போதும் தோமையார் சிந்தனையில் ஆழ்ந்து தம்மை மறந்துவிடுவார் என்பதால் அவருடைய உணவைக்கூட ரெஜினால்ட் கவனித்துக்கொண்டார் என்று பழைய வரலாறு கூறுகிறது. 1273 டிசம்பரில் ஒரு நாள் திருப்பலிக்குப் பின் தோமையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். இறையியல் தொகுப்பு முற்றுப்பெறாமல் நின்றது. அதை நிறைவுசெய்யும் பிற்சேர்க்கையைத் தொகுத்தவரும் ரெஜினால்ட் என்பதே மரபு. குருமட மாணவர்கள் அத்தொகுப்பை ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். ரெஜினால்டின் பெயரை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பங்குக் குரு விடியற்காலைத் திருப்பலிக்கு நேரம் தவறுவதில்லை என்று பாராட்டுவோர் உண்டு. அதற்கு முன்பே எழுந்து கதவைத் திறந்து மணியடித்து மெழுகுதிரி ஏற்றிய கோவில்பிள்ளையைப் பாராட்ட எவருக்கும் தோன்றுவதில்லை.

அந்தத் தோமையாரே இங்கு நமக்கு உதவும் ஒரு வேறுபாட்டை, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, வகுத்துத் தந்திருக்கிறார். பொருளை ஆக்குவது ஒன்று. மனிதனாக ஒழுகுவது மற்றொன்று. ஆக்கத்தின் சிறப்பு ஆக்கப்பட்ட பொருளில் தெரியும்: தச்சனின் உள்ளம் எப்படிப்பட்டதாயினும் நாற்காலி ஆடாமல் நின்றால் அவன் நல்ல தச்சனே. ஒழுகுவதன் சிறப்போ ஒழுகுபவனிடத்திலேயே தங்குகிறது. நாளை ஒழுங்குபடுத்தும் நூல்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. எத்தனை பக்கம் எழுதினாய், எத்தனை கட்டு முடித்தாய் என்று கேட்கின்றன. அப்பக்கங்களை எழுதும் பொருட்டு வீட்டில் எல்லாரையும் வாய்மூட வைத்தவன் மாலையில் எத்தகைய மனிதனாக எழுந்தான் என்று கேட்பதற்கு அவற்றில் இடமில்லை.

யாரேனும் ஒருவர் சமைத்துத்தானே ஆக வேண்டும், வேலையைப் பகிர்ந்துகொள்வதில் என்ன அநீதி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பகிர்வதில் அநீதி இல்லை. ஒருவருடைய பங்கு மட்டும் வேலை என்ற பெயரையே பெறாமல் போவதில்தான் அநீதி இருக்கிறது. இதற்கும் கடையநல்லூரிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இவ்வூர் மக்கள் பலர் சிங்கப்பூருக்குக் குடியேறினர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பை அங்கே ஏற்படுத்தும் அளவுக்குப் பெருகினர். ஆண்கள் தனியே செல்வது வழக்கமாயிருந்த காலத்தில் இவர்கள் குடும்பத்தோடு சென்றார்கள். பெண்கள் அங்கே மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். ஊரில் அம்மியில் அரைத்தால் அது வீட்டு வேலை; கடல் கடந்து அரைத்தால் அது வருவாய். கை அதே கைதான். மிளகாயின் எரிச்சலும் அதே எரிச்சல்தான்.

நம் நாட்டில் 2019-இல் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டதாகக் கண்டது. அதில் ஈடுபட்ட ஆண்களின் சராசரி 97 நிமிடம். இச்சராசரி, அவ்வேலையில் கைவைத்த ஆண்களுக்கு மட்டுமே உரியது. அவர்களோ நூற்றுக்கு இருபத்தாறு பேர் அளவே. மீதிப் பேரின் நாள் எப்படி ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு விளக்கம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் மகன் உள்ள வீட்டைப் பாருங்கள். தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது, உறவினர் வருகை தள்ளிவைக்கப்படுகிறது, இரவு பதினொரு மணிக்கு அவனுக்குத் தேநீர் வருகிறது. அவன் நல்ல பழக்கமுள்ள பிள்ளை, நேரத்தை வீணாக்குவதில்லை என்று உற்றார் மெச்சுகிறார்கள். மெச்சட்டும். அதே தேர்வை மகள் எழுதும்போது, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சுளகை மடியில் வைத்தபடி படிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவளுக்குக் கவனம் போதாது என்று சொல்வோரும் இருக்கிறார்கள். ஒருவர் தம் நாளை ஒழுங்காகத் திட்டமிட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டால், அவ்வீட்டில் மற்றொருவர் இடையூறில்லாத ஒரு மணி நேரம் கேட்டால் கிடைக்குமா என்று நாம் விசாரிக்க வேண்டும். அவர் ஒழுங்கு எத்தகையது என்பது அந்த விடையில் தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணிக்கைக் கூலிக்கு முடிவு என்பது கிடையாது. ஆயிரம் முடிந்தால் ஆயிரத்து இருநூறு கண்ணில் தெரியும். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966-இல் இயற்றப்பட்ட சட்டம், தொழிற்கூடத்தில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. வீட்டுத் திண்ணையில் அந்த எல்லையை அளப்பவர் யார்? கடையநல்லூரில் பள்ளிவாசல்களிலிருந்து ஐந்து வேளையும் எழும் தொழுகை அழைப்பு, தறியை நிறுத்தச் சொல்லும் ஒரு குரலாகவும் இருந்து வந்திருக்கிறது. நம் ஆலய மணிக்கும் அந்தப் பயன் உண்டு. ஐரோப்பாவின் பழைய நெசவாளர்கள் வேறொரு வழி கண்டிருந்தனர். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு ஓய்ந்து, திங்களையும் 'புனித திங்கள்' என்று பெயரிட்டுக் கொண்டாடிவிட்டு, வாரக் கடைசியில் இரவு பகலாக நெய்து கணக்கைச் சரிசெய்தார்கள். திருச்சபையின் நாள்காட்டியில் இடம்பெறாத இந்தப் புனிதருக்குப் பக்தர்கள் மிகுதி! வரலாற்றறிஞர் இ. பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்கிறார். ஆலைச் சங்கு அதை எப்படி ஒழித்தது என்றும் காட்டுகிறார். அதே கட்டுரையில், மேரி காலியர் என்ற சலவைத் தொழிலாளி 1739-இல் வெளியிட்ட பாடலையும் நினைவுகூர்கிறார். ஆண்கள் வேலை முடித்து வீடு திரும்பும்போது பெண்களுக்கு அடுத்த வேலை தொடங்குகிறது என்பதே அவளுடைய முறையீடு. புனித திங்கள் அவளுக்கு வரவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்டை, நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்தவரை, இந்த இடத்தில் எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாளை மணிக்கணக்காகப் பகுத்து, செபத்துக்கும் வாசிப்புக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கியவர் என்று எல்லாரும் அவரைப் புகழ்வர். கால ஒழுங்கின் தந்தை என்று மேலாண்மை பேசுவோரும் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவருடைய விதிநூலின் எழுபத்து மூன்று அதிகாரங்களுள் ஒன்று முழுவதும் சமையலறையைப் பற்றியது என்பதை அவர்கள் சொல்வதில்லை. துறவிகள் வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் சமையல் பணி செய்ய வேண்டும். நோயோ இன்றியமையாத பொறுப்போ இருந்தாலன்றி எவருக்கும் விலக்கு இல்லை. வலிமை குறைந்தவருக்குத் துணை கொடுக்க வேண்டும். வாரம் முடிந்து விலகுபவர் துடைக்கும் துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைப் பழுதின்றித் திருப்பித் தர வேண்டும். விலகுபவரும் புதிதாகப் பொறுப்பேற்பவரும் சேர்ந்து எல்லாருடைய காலடிகளையும் கழுவ வேண்டும். பரிமாறுபவர்கள் முணுமுணுப்பின்றிப் பணி செய்யும்படி உணவு வேளைக்கு முன்பே அவர்களுக்குச் சிறிது அப்பமும் பானமும் கொடுக்க வேண்டும். பிறர் பசியாறும்வரை காத்திருப்பவருக்கும் பசிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கைவினைஞர்களைக் குறித்தும் ஒரு விதி வைத்தார். தன் தொழில்திறமையால் மடத்துக்குத் தானே நன்மை செய்வதாக ஒருவன் செருக்குற்றால், அத்தொழிலிலிருந்து அவனை விலக்கிவிட வேண்டும். வருவாய் குறைந்தாலும் குறையட்டும் என்று இருந்தார் போலும்.

குடும்பம் துறவற மடமன்று என்பதை நாம் அறிவோம். மடத்தில் கைக்குழந்தை இல்லை. பீடிக் கடையின் நேரமும் இல்லை. வாரமுறை வைத்துச் சமைக்கும்படி கடையநல்லூரின் நெசவாளரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரும் சிரிப்பார். ஆனால் சில வீடுகளில் இரவு உணவுக்குப் பின் இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைப்பதைக் கணவர் தம் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அவ்வீடுகளில் அவள் படுக்கும் நேரம் அந்த அளவுக்கு முந்துகிறது.